கீழே பிடிக்கிறவர்

எனக்கும், நசுங்கின காரை நிமிர்த்துகிற டிங்கர் ஷெட்டுக்கும் நடுவில் ஒரு தகரம்தான். அந்தப் பக்கம் யாராவது பலமாகத் தும்மினால் இந்தப் பக்கம் என் ஊசி தடம் மாறிவிடும். கார் சீட்டுக்கு உறை தைப்பது என் பிழைப்பு. காதைப் பொத்திக்கொண்டு தைக்க முடியாது என்பதால், அங்கே என்ன வேலை நடக்கிறது என்பதைப் பார்க்காமலே சொல்லுமளவுக்கு என் காது பழகிப்போயிருந்தது. அடுத்தவர் வம்பு எனக்கு வேண்டாம். அது தானாக வந்து காதில் விழுந்தால் நான் என்ன செய்ய?

ஷெட்டை நடத்தியவர்கள் அண்ணன் தம்பி. அண்ணனைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும் தெருவே கூப்பிடும். பெரியவர் ஆள் நெட்டை, கை அதைவிட நெட்டை. வாயில் பேச்சு வராது. சின்னவர் கட்டைகுட்டையான ஆள். அண்ணன் பேசாததையும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

மற்ற கடைகளில் காரின் எஞ்சின் மூடி, அதுதான் பானெட், தொய்ந்துபோய் வந்தால் கழற்றிக் கீழே போட்டு அடிப்பார்கள். இவர்கள் கழற்ற மாட்டார்கள். "கழட்டிப் போட்டா தகடு நல்ல பிள்ளையாட்டம் படுத்துக்கும். திரும்ப மாட்டினதும் தன் புத்தியைக் காட்டும்" என்பார் பெரியவர். அது கார் மேலேயே இருக்க வேண்டும், ஒரு சாண் மட்டும் தூக்கி முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். பெரியவர் காரின் மூக்குக்கு முன்னால் மண்டியிட்டு அந்தச் சந்துக்குள் தோள்பட்டை வரை கையை விடுவார். உள்ளங்கையில் டாலி இருக்கும். டாலி என்றால் வேறொன்றுமில்லை, சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு இரும்பு. அதைத் தகட்டின் அடியில் அண்டக் கொடுத்துப் பிடிப்பார். சின்னவர் மேலே நின்று சுத்தியலால் தட்டுவார்.

கீழே கை எங்கே இருக்கிறது என்று மேலே இருப்பவருக்குத் தெரியாது. மேலே அடி எங்கே விழும் என்று கீழே இருப்பவருக்குத் தெரியாது. சத்தம்தான் பேச்சு. அடி நேராக டாலி மேல் விழுந்தால் கணீரென்று கேட்கும். தள்ளி விழுந்தால் தொப்பென்று கேட்கும். தொப்பைக் கேட்டதும் இரண்டு கையும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு நகரும். எத்தனையோ புருஷன் பெண்டாட்டியைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவு ஒற்றுமையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சண்டை வந்ததென்றால் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். பெரியவர் பிடி உடும்புப்பிடி. சுத்தியலுக்கும் டாலிக்கும் நடுவில் மாட்டும் தகடு, அடிக்க அடிக்க மெலிந்து விரியும். விரிந்த தகடு இடம் போதாமல் புடைத்துக்கொள்ளும். "விட்டுப் பிடிண்ணே! தகடு பூரிக்குது பாரு!" என்று சின்னவர் கத்துவார்.

"எனக்குக் கையில வந்த எதையும் சட்டுனு விட வராதுடா" என்பார் பெரியவர். அன்றைய தினத்துக்கு அவர் பேசிய பேச்சு அவ்வளவாகத்தான் இருக்கும்.

அவரிடம் சொந்தமாக ஒரு பழைய கார் இருந்தது. மூக்கு நீண்ட கார். ஒரு பெருங்காற்றில் ஷெட்டின் கூரைச் சட்டம் பிய்த்துக்கொண்டு அதன் பானெட் மேல் விழுந்தது. பழைய கட்டில் மாதிரி நடுவில் தொய்ந்துவிட்டது தகடு. பூட்டில் கொக்கி விழவில்லை, ஓட்டிப் போனால் காற்றில் எழும்பிக் கண்ணாடியை மறைத்தது. ஊராருக்கெல்லாம் சரி செய்துவிட்டுக் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் சொந்தக் காரில் கை வைத்தார்கள். நான் இந்தப் பக்கம் தைத்துக்கொண்டிருந்தேன். கணீர், கணீர் என்று போய்க்கொண்டிருந்தது. திடீரென்று தொப்.

"என்னண்ணே, தூங்குறியா?"

தொப்.

"ஒழுங்காப் பிடி. கையில என்ன வாதமா?"

தொப்.

"பிடின்னா பிடிக்க மாட்டியா? உன்னோட மாரடிக்கவே எனக்கு நேரம் சரியா இருக்கு!"

மறுபடி தொப். அப்புறம் சுத்தியல் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பெரியவர் மண்டியிட்டபடி, கன்னத்தை பம்பரில் சாய்த்து, கை தோள்பட்டை வரை உள்ளே இருக்க அப்படியே இருந்தார். கண் திறந்திருந்தது. அந்த நீளக் கையைச் சந்திலிருந்து வெளியே எடுக்கப் பக்கத்துக் கடை ஆட்களையும் கூப்பிட வேண்டியிருந்தது. டாலி என்னவாயிற்று என்று அப்போது யார் பார்த்தார்கள்?

செத்துப்போன அண்ணனைத் திட்டித் திட்டி வேலை வாங்கியிருக்கிறோம் என்பது சின்னவரை உள்ளுக்குள்ளேயே அரித்தது. வாயாடி மனிதர் வாயைப் பூட்டிக்கொண்டார். மழைக்காலம் முழுக்க அந்தக் கார் ஷெட்டின் மூலையில் ஒரு சாண் வாயைத் திறந்தபடியே நின்றது.

பெரியவரின் மனைவி அண்ணன் தம்பி வீட்டு மாடி அறையில் இருந்தாள். பிள்ளைகள் இல்லை. அந்தக் காரை எப்போதும் ஓட்டியவள் அவள்தான், பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். மழை விட்டதும் அவள் சின்னவரிடம் சொன்னாள்: "தம்பி, நான் எங்க அக்கா வீட்டுக்கே போயிடுறேன். அந்த பானெட்டை மட்டும் சரி பண்ணிக் குடுப்பா. நான் போனா அந்தக் கார்லதான் போவேன்."

சின்னவர் தலையை ஆட்டினார். தனியாகவே வேலையில் இறங்கினார். கையை உள்ளே விட்டால் சுத்தியல் எட்டாது, சுத்தியலைப் பிடித்தால் கை எட்டாது. மற்றவர்கள் மாதிரிக் கழற்றிப் போட்டு அடிக்கவும் மனம் வரவில்லை. டயர் கடைக்காரர் உதவிக்கு வருவதாகச் சொன்னபோது முறைத்தே துரத்திவிட்டார். சில நாட்கள் என் காதில் தொப், தொப் தவிர வேறொன்றும் விழவில்லை. கேட்கவே பாவமாக இருந்தது.

வானம் மூடிக் கிடந்த ஒரு மத்தியானம். தையலில் குனிந்திருந்தவள் நிமிர்ந்துவிட்டேன். கணீர் என்று கேட்டது. மறுபடியும் கணீர். ஒன்றுகூடத் தப்பாமல் வரிசையாக வந்தது. ஆள் பிடித்திருக்கிறார் போல, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு தகர ஓட்டையில் கண்ணை வைத்தேன். சின்னவர் மட்டும்தான் நின்றிருந்தார். வலது கையில் சுத்தியல், இடது உள்ளங்கை தகட்டைத் தடவிக்கொண்டிருந்தது. காரின் மூக்குக்கு முன்னால் யாருமில்லை. தரையில் இரண்டு முழங்கால் பதிக்கிற இடத்தில் பழைய சாக்கு மட்டும் மடித்துப் போட்டிருந்தது.

சாயங்காலம் டீ வாங்கப் போகும்போது சின்னவரிடம் கேட்டுவிட்டேன். "என்ன, அடியில ஏதாவது கட்டையை முட்டுக் குடுத்திருக்கியா?"

"இல்ல டெய்லரம்மா. அண்ணன் பிடிக்கிறாரு" என்றார், மழை வரும் போலிருக்கிறது என்பதைச் சொல்கிற குரலில்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இருட்டும் கரப்பானும்தான் பயம். ஆகவே மறுநாள் அவர் சாப்பிடப் போன நேரத்தில் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். சந்துக்குள் அடித்துப் பார்த்தேன். தூசி படிந்த எஞ்சின், அறுந்த ஒரு பெல்ட், சிலந்திக் கூடு. அவ்வளவுதான். மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முடிவு கட்டி, எழுந்திருக்கப் பிடிமானமாகப் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தேன். தகடு ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தது. அடியிலிருந்து, என் உள்ளங்கைக்கு நேராக, ஏதோ மெதுவாக வந்து அண்டியது. நான் கையை நகர்த்தினேன். அதுவும் நகர்ந்து வந்து அண்டியது. அன்றைக்கு நான் தைத்த உறையில் ஜிப்பு உள்பக்கம் பார்த்து இருந்தது. கொண்டுபோனவன் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

சின்னவரின் மனைவி ஷெட்டில் தகடு தேய்க்கிறவள். பெரியவர் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் உப்புத்தாள். கையில் இருக்கும் தாளுக்காகவா, நாக்குக்காகவா என்று கேட்டால் அவர் சிரிப்பார், அவளும் சிரிப்பாள். ஆள் ஒல்லி, உயரம், எதற்கும் அசராதவள். அவள் ஒரு நாள் என் கடைக்குள் வந்து துணிக்கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

"டெய்லரம்மா, உங்களுக்கும் கேக்குதுதானே?"

"கேக்குது."

"அப்போ எனக்குப் பைத்தியமில்ல. அது ஒண்ணு மிச்சம்." மடியில் ஒட்டியிருந்த தகட்டுத் தூசியைத் தட்டினாள். "முதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. மனுஷன் சிரிச்ச முகமா வீட்டுக்கு வந்தாரு. நல்லாச் சாப்பிட்டாரு. சரி, அண்ணன் தம்பி, பேசித் தீத்துக்கட்டும்னு விட்டேன்."

"இப்போ என்ன?"

"வேலை முடியவே மாட்டேங்குது. தொய்வெல்லாம் என்னைக்கோ எடுத்தாச்சு. இப்போ தகடு புடைச்சுக்கிட்டு நிக்குது. அதை அடிக்கிறாரு, இந்தப் பக்கம் புடைக்குது. இதை அடிக்கிறாரு, அந்தப் பக்கம் போகுது. பூரிக்குதுன்னு எத்தனை பேரைத் திட்டியிருப்பாரு! இவருக்குத் தெரியாதா? தகடு காகிதமாட்டம் ஆயிடுச்சு, விரல் வச்சா உள்ள போகுது. இனிமே அடிச்சா ஓட்டை விழும்."

"நிறுத்தச் சொல்ல வேண்டியதுதானே."

"நான் சொல்றது காதுல விழுந்தாத்தானே. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்குறாரு. எதையாவது தட்டிச் சத்தம் பண்ணினாத்தான் திரும்புறாரு. கை வீங்கி இருக்கு, ஒத்தடம் கொடுக்க விடல. கை ஐஸ் கணக்கா இருக்கு." அவள் குரல் தாழ்ந்தது. "நேத்து சாப்பிட உட்கார்ந்தவரு கரண்டியை எடுத்து மேஜையில ஒரு தட்டு தட்டிட்டுக் காதைக் கொடுத்தாரு. நான் சோறு போட்டுக்கிட்டு இருந்தேன். மேஜைக்கு அடியில இருந்து பதில் வந்துச்சு டெய்லரம்மா. என் முழங்காலுக்குப் பக்கத்துல."

நான் தையல் மேஜைக்கு அடியிலிருந்து காலை இழுத்துக்கொண்டேன்.

"வீட்டுக்கே வந்தாச்சு" என்றாள் அவள். "அவரு கெட்டவரு இல்ல. எனக்குத் தெரியும். விடத் தெரியாது, அவ்வளவுதான். ஆனா இப்படியே போனா எனக்கு மிஞ்சப்போறது ஒரு ஓட்டைத் தகடும் ஒரு சுத்தியலும்தான். என் புருஷன் எனக்கு வேணும்."

பெரியவரிடம் பேச ஒரே ஒரு ஆளுக்குத்தான் உரிமை என்று எங்கள் இருவருக்கும் தோன்றியது. மறுநாள் உப்புத்தாள் மாடி ஏறிப்போய் ஓரகத்தியை அழைத்து வந்தாள். புருஷன் போன பிறகு அந்த அம்மாள் ஷெட்டுக்குள் கால் வைத்தது அன்றுதான். காருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். சின்னவர் யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. சுத்தியலைத் தூக்கினார். கணீர்.

அவள் முகத்தைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாணமான புதிதில் எடுத்த போட்டோவில் இருப்பது போல ஆகிவிட்டது முகம். போதும், போங்கள் என்று ஒரு வார்த்தை அவளாகச் சொல்வாள் என்று நாங்கள் காத்துக்கொண்டிருந்தோம். இருட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து, "நாளைக்கு எத்தனை மணிக்கு ஆரம்பிப்பே தம்பி?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு தினமும் வந்தாள். தலை வாரி, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். அக்கா வீட்டுக்குப் போகிற பேச்சே இல்லை. சின்னவர் அடிப்பார், அவள் கண்ணை மூடிக் கேட்பாள். வந்த வண்டிக்காரர்கள் வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போனார்கள். ஷெட்டுக்குள் நுழைந்தால் வெயில் நாளிலும் குளிர் எடுத்தது. "பிசாசை ஓட்டக் கூட்டிட்டு வந்தா, இவங்க பந்தி விரிச்சு உட்கார்ந்துட்டாங்க" என்றாள் உப்புத்தாள். வாய்தான் கிண்டல் செய்தது, கண்ணில் உயிர் இல்லை.

அன்றைக்கும் வானம் மூடிக்கொண்டுதான் இருந்தது. நான் உறை ஒன்றை அளவு பார்க்க ஷெட்டு வாசலில் நின்ற ஒரு வண்டியின் கதவைத் திறந்து வைத்திருந்தேன். உள்ளே கணீர், கணீர். அந்தச் சத்தமே மாறிப்போயிருந்தது. மெலிந்த தகடு அழுவது போல இழுத்தது. நடுவில் ஒரு கீறல் விழுந்து அதன் வழியாக இருட்டு தெரிந்தது. சின்னவர் அதைப் பார்த்தார், பார்த்தும் சுத்தியலை அதற்குப் பக்கத்திலேயே இறக்கினார்.

தேய்த்துக்கொண்டிருந்த உப்புத்தாள் கையிலிருந்த தாளைக் கீழே போட்டாள். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு காரின் முன்னால் போய், அந்தச் சாக்கின் மேல் மண்டியிட்டாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையசைப்பதற்குள் அவள் கை சந்துக்குள் போய்விட்டது. முழங்கை வரை போனது. தோள் வரை போனது. கன்னம் பம்பரில் பட்டது.

கணீர்.

கணீர்.

அவள் முகம் வெளுத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரு சத்தம் போடவில்லை. உள்ளே யாரோ எதையோ செய்கிறார்கள், அவள் அசையாமல் செய்ய விடுகிறாள் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் மளமளவென்று இறங்கியது. ஸ்டூலில் இருந்தவள் கண்ணை மூடியபடியே லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தொப்.

சின்னவரின் சுத்தியல் நின்றது. ஸ்டூலில் இருந்தவள் கண்ணைத் திறந்தாள்.

"யாரு?" என்றார் சின்னவர். பல நாட்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த மனிதக் குரல் அது.

"நான்தாங்க. நான்தான் பிடிச்சிருக்கேன்."

"அண்ணன்?"

"போயிட்டாரு. நீங்க அடிங்க."

அவர் சுத்தியலை வைத்துவிட்டு அந்த மெலிந்த தகட்டின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "திட்டினது தப்புண்ணேன்னு ஒரு வார்த்தை நான் சொல்லலையே. இத்தனை நாள் பக்கத்துலயே இருந்தாரு, அடிச்சுக்கிட்டே இருந்தேனே தவிர, மன்னிச்சுக்கண்ணேன்னு சொல்லலையே" என்று குழந்தை மாதிரி அழுதார். அது உயிருள்ள மனுஷன் அழுகிற அழுகையாக இருந்தது. பெரியவர் மனைவி மட்டும் அழவில்லை. எழுந்தாள், ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தாள், வீட்டுக்குப் போய்விட்டாள்.

மிச்ச வேலையைச் சின்னவர் முறையாகச் செய்தார். புடைத்த இடங்களில் கேஸ் நெருப்பைப் புள்ளி புள்ளியாகக் காட்டிச் சிவக்கவைத்தார், சூடு ஆறுமுன் ஈரத்துணியை ஒற்றினார். விரிந்த தகடு சுர்ரென்று சுருங்கிப் படிந்தது. கீறலை ஒட்டவைத்தார். உப்புத்தாள் கீழே டாலியைப் பிடித்தாள். பிடிப்பதும் விடுவதுமாக, பதமாகப் பிடித்தாள்.

வேலை முடிந்து கை கழுவும்போது அவள் என்னிடம் சொன்னாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

"உள்ள கை இருந்துச்சு டெய்லரம்மா. நான் அது மேல என் கையை வச்சேன். 'மாமா, விடுங்க'ன்னு கெஞ்சத்தான் இருந்தேன். அதுக்குள்ள அவர் என் விரலை ஒண்ணொண்ணாத் தடவினாரு. யாருன்னு தேடுற மாதிரி. அப்புறம் டாலியை என் உள்ளங்கையில வச்சு, விரலை மடக்கி மூடிவிட்டு, மேல ஒரு தட்டு தட்டினாரு." அவள் குழாயை மூடினாள். "மாடி அக்கா கையில எதைக் கொடுத்தாலும் கீழ போட்டுடுவாங்க. அதனால அவங்ககிட்ட எதைக் கொடுத்தாலும் மாமா விரலை மூடிவிட்டுத்தான் கையை எடுப்பாரு. சாவிக்கொத்தா இருந்தாலும் சரி, சில்லறையா இருந்தாலும் சரி. நான் எத்தனை தடவை பார்த்திருக்கேன். அவங்க கைன்னு நினைச்சுட்டாரு. நான் வாயைத் திறக்கல."

காரை எடுத்துக்கொண்டு பெரியவர் மனைவி கிளம்பிய காலையில் நானும் வாசலில் நின்றேன். பெட்டிகள் பின்சீட்டில் இருந்தன. பானெட் விளிம்போடு விளிம்பு சேர்ந்து படிந்திருந்தது. சின்னவர் அண்ணிக்கு விடைகொடுக்க முடியாமல் சக்கரத்துக் காற்றை மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உப்புத்தாளின் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"இந்தக் கைதானே?"

"ஆமாக்கா."

"சூடா இருந்தாரா?"

"இருந்தாருக்கா. பானெட்தான் ஐஸ் மாதிரி இருந்துச்சு. கை சூடாத்தான் இருந்துச்சு."

"யாருன்னு தெரிஞ்சுதா அவருக்கு?"

உப்புத்தாள் என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். பொய் சொல்லியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"நீங்கன்னு நினைச்சுட்டாருக்கா. அதனாலதான் விட்டாரு. நான் பேசாம இருந்துட்டேன்."

பெரியவர் மனைவி அந்தக் கையை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். "நான் பக்கத்துலதானேடி உட்கார்ந்திருந்தேன்" என்றாள். "என்னை ஒரு குரல் கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிட்டிருந்தா கையைக் கொடுத்திருப்பீங்கக்கா. விடுன்னு சொல்லியிருக்க மாட்டீங்க."

உப்புத்தாள் செய்தது நியாயமா அநியாயமா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பெரியவர் மனைவி நின்று யோசித்தாள். கோபமில்லாமல், கணக்குச் சரியா என்று பார்க்கிற மாதிரி யோசித்தாள்.

"மாட்டேன்தான்" என்றாள். கையை விட்டுவிட்டுக் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.